உப்பு போகும் வழி

கடலைக்காய் பதமாகிவிட்டதா என்று பார்க்க நான் பருப்பைக் கடிப்பதில்லை. ஓட்டை லேசாக நசுக்கி, உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பேன். அந்த அரைச்சொட்டு உப்புக் கரித்தால் அண்டாவைத் திறந்து வியாபாரத்தைத் தொடங்கலாம். வெறும் வெந்நீராக இருந்தால், பருப்பு குழைந்தே போயிருந்தாலும் வேலை பாக்கி இருக்கிறது. வேகவைத்த காய் விற்கும் தொழிலில் 22 வருஷம் இருந்தேன். அதில் நான் கற்றது இவ்வளவுதான்: வேகவைப்பதை நெருப்பு பார்த்துக்கொள்ளும். தோலுக்குள் ஒளிந்திருக்கும் பருப்புக்கு உப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு. அதற்கு ஒவ்வொரு காயும் ஒரு வழி வைத்திருக்கிறது. கடலைக்காயின் வழி துவரங்காய்க்கு உதவாது. துவரங்காயின் வழி மொச்சைக்கு உதவாது.

1996-ல் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அந்தக் காலத்தில் கோவையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மில்களில் சங்கு ஊதுவது நின்றுபோனது. அந்தச் சங்குச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் வீதியில் உலை வைப்போம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவோம். அது நின்ற பிறகு நேரம் எது, என்ன செய்வது என்று எதுவும் புரியவில்லை. நிலுவைப் பணம் வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டும் நாள் வந்துவிட்டது. தாலிக்கொடியில் கோத்திருந்த காசு இரண்டை விற்று, ஒரு பழைய தள்ளுவண்டியும் பம்ப் ஸ்டவ்வும் வாங்கினோம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன்.

வேகவைத்த கடலைக்காய் என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம், எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். என் சொந்த ஊர் சுல்தான்பேட்டைப் பக்கம். மேட்டாங்காட்டு ஊர். மழை பெய்தால் கடலை, சோளம், பெய்யாவிட்டால் ஆடு. கடலைக்காய் பிடுங்கும் நாட்களில் காட்டிலேயே பச்சைக்காயை வேகவைத்து வேலையாட்களுக்குப் போடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

முதல் மூன்று மாதம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள். "காய் நல்லா இருக்குதுங்க்கா, உப்புதான் ஏறல." நான் உப்பைக் கூட்டினேன். ஓடு கரித்தது, பருப்பு சப்பென்றே இருந்தது. இன்னும் கூட்டினேன். விரல் வெளுத்ததே தவிர, பருப்பில் மாற்றம் இல்லை. இன்னும் பத்து நிமிஷம் கூட வேகவைத்துப் பார்த்தேன். பருப்பு மாவாகியது, உப்பு ஏறவில்லை. தெரிந்த வேலை என்று நினைத்தது தெரியாத வேலையாக இருந்தது. ராத்திரி மிஞ்சிய காயை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அழுகை வரும்.

வழியைக் காட்டியது ஓர் ஐப்பசி மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்டா கொதித்து முடிந்த நேரம், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஸ்டவ்வை அணைத்து, அண்டாவை மூடி, மேலே சாக்கைப் போட்டுவிட்டு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். ஒன்றரை மணி நேரம் விடவில்லை. மழை நின்றதும் ஒரு கண்டக்டர் வந்தார். ஆறிப்போன காயைக் கொடுக்க எனக்கு மனசில்லை. "பரவால்ல, குடுங்க" என்று வாங்கித் தின்றவர், காசு கொடுத்த பிறகும் நகரவில்லை. இன்னொரு பொட்டலம் கேட்டார். நான் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த தண்ணீர் கரித்தது. பருப்பின் நடுவில்கூட உப்பு இருந்தது.

காரணத்தைப் பிறகு சொன்னவர், பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்த வாத்தியார். தினமும் நடந்து வந்து காய் வாங்குவார். டீக்கடையில் ஒரு டம்ளரை வாங்கி, வெந்நீரில் அலசிச் சூடாக்கி, ஒரு தட்டில் இருந்த தண்ணீரில் கவிழ்த்து வைத்தார். டம்ளர் ஆற ஆற, தட்டிலிருந்த தண்ணீர் அதற்குள் ஏறியது. "கொதிக்கிறப்ப ஓட்டுக்குள்ள இருக்கிற காத்து விரியும்மா. வெளிய தள்ளுமே தவிர உள்ள விடாது. ஆறுறப்ப அது சுருங்கும். அந்த இடத்துக்கு உப்புத்தண்ணி போகும்." மூன்று மாதம் நான் உப்பைக் கொண்டு காயின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, அது உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்.

அன்றிலிருந்து என் கணக்கு மாறவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 35 முதல் 40 கிராம் கல்லுப்பு. மண் போக நாலு தண்ணீரில் அலசிய பச்சைக்காய். 45 முதல் 50 நிமிஷம் கொதி. பிறகு அடுப்பை அணைத்து, அதே தண்ணீரில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை வாடிக்கையாளர் எத்தனை பேர் நின்றாலும் குறைக்க மாட்டேன். காய் மிதப்பதிலிருந்து மெல்ல மூழ்கத் தொடங்கும். அடியில் உட்கார்ந்த காய் உப்பு குடித்த காய்.

இன்னொரு பாடத்தைக் கற்க ஒரு மூட்டையைப் பலி கொடுத்தேன். ஒரு புரட்டாசியில் விலை மலிவாக இருந்தது என்று ராத்திரியே ஒரு மூட்டை பச்சைக் கடலைக்காய் வாங்கி, கட்டு அவிழ்க்காமல் வாசலில் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலம் கை வைத்தால், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி போல மூட்டை சுட்டது. உள்ளே புளித்த வாடை. பறித்த காயும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடம் இருக்கும் சர்க்கரையைத் தானே தின்று சூட்டை வெளியே விடுகிறது. குவித்துக் கட்டினால் அந்தச் சூடு போக வழியில்லை. கழுவி உப்புப் போட்டு வேகவைத்தால் வாடை தெரியாது என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. கடலையில் பூஞ்சை பிடித்தால் வரும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் போகாது. முழு மூட்டையையும் குழிக்குள் கொட்டினேன். அதன்பின் மூட்டையாக வாங்கியதே இல்லை.

1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்து, பிறகு எங்கள் சிங்காநல்லூருக்கும் வந்தது எனக்குப் பெரிய உதவி. விடியற்காலம் போய் நின்றால், முந்தின நாள் பொழுதோடு பறித்த காயை, பறித்த கையிடமிருந்தே வாங்கலாம். காம்பு ஈரமாக இருக்கிறதா, ஓட்டில் ஒட்டிய மண் இன்னும் காயாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுப்பேன்.

தை பிறந்தால் வண்டியில் துவரங்காய் சேரும். இதற்கு எனக்குக் குரு என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர்.

எங்கள் காட்டில் கடலை விதைத்தால் ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை விழும். சோளக்காட்டில் தட்டை, மொச்சை, துவரை மூன்றையும் கலந்து விதைப்பார்கள். ஆடியில் விதைத்தால் கடலை பிடுங்கி, சோளம் அறுத்த பிறகும் துவரை மட்டும் நிற்கும். பனிக்காலத்தில் பூத்து, பொங்கலை ஒட்டிக் காய் பிடிக்கும். காய் முற்றித் துவரம்பருப்பாக ஆவதற்கு முன்னால், பச்சைப் பருப்பு தோலை முட்டிக்கொண்டு நிற்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் காட்டுக்கு ஓடுவோம்.

அம்மாயி மண்சட்டியில் காயைக் கொட்டுவார். தண்ணீர் காய் மூழ்கும் அளவுக்கு ஊற்ற மாட்டார். பாதிக்குத்தான். மேலே ஒரு கைப்பிடி கல்லுப்பு. காய்ந்த துவரங்குச்சியையே எரிப்பார். கதை பேசிக்கொண்டிருந்தாலும் காது சட்டியில் இருக்கும். தளதள என்ற சத்தம் சடசட என்று மாறும் நேரம் எழுந்து, சட்டியை இரண்டு துணியால் பிடித்து, மூடியோடு நாலு தரம் குலுக்கி இறக்குவார். திறந்தால் தண்ணீர் இருக்காது. காயின் தோல்மேல் உப்பு பூத்திருக்கும்.

துவரங்காயின் தோல் மெல்லியது. அதை உடைத்துத் தின்ன மாட்டோம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்து இழுப்போம். பருப்பு நாக்கில் விழும், தோலில் இருக்கும் உப்பு உதட்டில் ஒட்டும். இரண்டும் சேர்வது வாய்க்குள்தான். கடலைக்காயில் உப்பு பருப்புக்குள் போகவேண்டும். துவரங்காயில் தோல்மேல் நின்றால் போதும், தின்கிறவர் மிச்சத்தை முடித்துக்கொள்வார். இதை அம்மாயி வாயால் சொன்னதில்லை. நான் வண்டியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்துத் துவரங்காயை வேகவைத்து, அது நனைந்த துணி மாதிரி ஆனபோதுதான் அந்தப் பாதித் தண்ணீர்க் கணக்கு எனக்கு விளங்கியது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பி.எஸ்.ஆர். 1 துவரையை இப்போது பலர் வேலியோரத்தில் வைத்திருக்கிறார்கள். பச்சைக்காய்க்கு ஏற்ற செடி அது. வீட்டில் அந்தச் செடி ஒன்று இருந்தால் அம்மாயி முறையில் ஒரு தரம் செய்து பாருங்கள்.

மொச்சை இந்த இரண்டு வழிக்கும் மசியாது. தோல் தடிப்பு. உள்ளே இருக்கும் கொட்டைக்குத் தனியாக இன்னொரு தோல். காயோடு வேகவைத்தால் உப்பு வாசலிலேயே நின்றுவிடும். உரித்துத்தான் ஆகவேண்டும். மார்கழிப் பனியில் நனைந்த மொச்சையை உரித்தால், அந்த வாசம் கையில் ராத்திரி வரை இருக்கும். எங்கள் பக்கம் பொங்கலுக்கு அவரை, மொச்சை இல்லாமல் கூட்டு கிடையாது. இரண்டும் ஒரே இனத்துச் செடிதான்; ஒன்றைத் தோலோடு தின்கிறோம், மற்றதைக் கொட்டைக்காக வளர்க்கிறோம். முற்றிய மொச்சையை வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். முற்றிய கொட்டையில், கருத்ததில் கூடுதலாக, சயனைடைத் தரும் பொருள் உண்டு. ஊறவைத்துப் பிதுக்கினால் உள்தோல் கழன்று பருப்பு வழுக்கிக்கொண்டு வரும். பிதுக்கம்பருப்பு என்பது அது. பெங்களூருக்காரர்களும் அதைப் பிதுக்கித்தான் சமைக்கிறார்கள். அங்கே அவரைக்காய்க்கென்றே ஒரு மேளா நடக்கிறது. பிதுக்கிய பருப்புக்கு உப்பு போகத் தடையே இல்லை. வெந்த பிறகு போட்டாலும் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

இப்படி மூன்று காயின் மூன்று வழியைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. நாலாவது காய் ஜப்பானிலிருந்து வந்தது.

கல்லூரி நாளிலிருந்து என் வண்டியில் கடலைக்காய் தின்ற ஒரு தம்பி, பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பயிற்சிக்காக ஆறு மாதம் ஜப்பான் போய்விட்டு 2016-ல் திரும்பி வந்தார். வந்ததும் வண்டிக்குத்தான் நேரே வந்தார்.

"அக்கா, அங்கயும் உங்களாட்டவே காயை உப்புப் போட்டு வேகவெச்சுத் தர்றாங்க. சாயங்காலம் ஆனா எல்லாக் கடையிலயும் அதுதான். சோயாவுங்க."

"சோயான்னா மீல் மேக்கருங்களா?"

"அது எண்ணெய் எடுத்துட்டு மிஞ்சின மாவுல பண்றது. இது செடியில பச்சையா இருக்கறப்பவே பறிக்கிறது. எடமாமேன்னு பேரு."

எடா என்றால் கிளை, மாமே என்றால் பயறு என்று அவர் சொன்னார். கிளையோடு வெட்டி, கிளையோடு வேகவைத்து விற்றதால் வந்த பெயராம். 1275-ல் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி, தனக்கு எடமாமே கொடுத்த ஒருவருக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. இப்போது டோக்கியோ என்கிற ஊருக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், பெண்கள் இதை வேகவைத்து ராத்திரியில் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்டவ் அணையாமல் தகரத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஆடிக்காற்றில் நிற்கும்போதெல்லாம் இந்தத் தொழிலில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருக்கிறேன். கடல் தாண்டி எனக்கு முன்னோர் இருந்திருக்கிறார்கள்.

நம் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தச் செடியைத் தமிழில் சோயா மொச்சை என்று எழுதுகிறார்கள். எத்தனை பொருத்தமான பெயர் என்பது காயைக் கையில் எடுத்ததும் தெரிந்தது. தம்பி ஒரு பெரிய கடையிலிருந்து உறையவைத்த பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்தார். அவரை மாதிரி தட்டை. துவரை அளவு நீளம். உள்ளே இரண்டு மூன்று கொட்டை. தோல் முழுக்கப் பூனைமயிர். சீனாவில் இதை மயிர்ப்பயறு என்றுதான் சொல்கிறார்கள்.

நான் அதைக் கடலைக்காய் வழியில் வேகவைத்தேன். மூடி போட்டு, 40 நிமிஷம். திறந்தபோது பச்சை நிறம் போய்க் காக்கியாகி, கொட்டை களியாகியிருந்தது. பாக்கெட் காய் ஏற்கெனவே அரை வேக்காடு போட்டு உறையவைத்தது. அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். மூடி போட்டதும் தப்பு. காயிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது தண்ணீரிலேயே தங்கி, பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். நல்ல காயை என் கையால் கெடுத்துவிட்டேனே என்று அன்று ராத்திரி மனசு ஆறவில்லை. பச்சைக்காயாகவே வாங்கி, முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "ஏம்மிணி, சோயாவ நாலு சால் போட்டாப் போச்சு" என்றார். காய்கறியாகத் தின்பதற்கென்றே பெரிய கொட்டை ரகங்கள் இருக்கின்றன. ராஞ்சியில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஸ்வர்ண வசுந்தரா என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் கருணே என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அண்ணனுக்குக் கிடைத்தது பருப்புக்காக வளர்க்கும் கோவை ரகம். 85, 90 நாளில் முற்றும். 2017 ஆடிப்பட்டத்தில், ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரம் கலந்த விதையைக் கிணற்றடியில் நாலு சால் போட்டார். புரட்டாசியில் ஆள் அனுப்பினார்: காய் நிறைந்துவிட்டது, இன்னும் நாலைந்து நாளில் மஞ்சள் அடித்துவிடும்.

ஸ்டவ்வையும் குண்டாவையும் தூக்கிக்கொண்டு காட்டுக்கே போனேன். முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகுதான் காய் பறித்தோம். செடிக்கும் அடுப்புக்கும் இருபது அடி. ஜப்பானியர் செய்கிற முறையைத் தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். காயின் இரண்டு முனையையும் கத்தரியால் கிள்ளிவிட வேண்டும். கல்லுப்பைப் போட்டு, மயிர் கழன்று நிறம் ஏறும் வரை உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். உப்போடு அப்படியே கால்மணி நேரம். பிறகு கொதிக்கும் தண்ணீரில், உப்பைத் தட்டாமலே போட வேண்டும்.

தேய்க்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காயில் நான் முன்பு கற்ற இரண்டு வழியும் சேர்ந்திருக்கிறது. கிள்ளிய முனை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, கடலைக்காய் மாதிரி. தேய்த்த தோலில் உப்பு நிற்கிறது, துவரங்காய் மாதிரி. தின்பதும் துவரங்காய் போலத்தான், உதட்டால் இழுத்து.

எட்டு நிமிஷத்தில் ஒன்றை எடுத்து அண்ணன் வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இனிக்குதே" என்றார். அந்த இனிப்பை நான் மறக்கவில்லை. ஏனென்றால், மிஞ்சிய காயைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் சாயங்காலம் அதே தண்ணீர், அதே உப்பு, அதே நிமிஷம் என்று வேகவைத்தேன். இனிப்பில் பாதிக்கு மேல் இல்லை. ராத்திரி முழுக்கக் காய் அதைத் தின்றிருந்தது. அன்று சூடேறிய கடலை மூட்டை ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். கால் கிலோ காய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர், மொத்தம் 40 கிராம் உப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தேய்க்க எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தண்ணீரில் போடுங்கள். மூடி வேண்டாம். காய்கறி ரகமாக இருந்தால் 5 நிமிஷம், பருப்பு ரகமாக இருந்தால் 8 முதல் 10 நிமிஷம். கொட்டை கடிபட வேண்டும், ஆனால் பச்சை வாடை இருக்கக்கூடாது. சோயாவைப் பச்சையாகத் தின்னக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வெந்தால்தான் அடங்கும். சோயா சிலருக்கு ஒவ்வாது, குழந்தைகளுக்கு முதல் தரம் கொடுக்கும்போது கவனம் வேண்டும். வெந்ததும் வடிகட்டி, முறத்தில் பரப்பி, விசிறியால் வீசி ஆற்றுங்கள். பச்சைத்தண்ணீரில் போட்டால் நிறம் நிற்கும், ருசி போய்விடும். உடனே சமைக்க முடியாவிட்டால், இரண்டு நிமிஷம் கொதியில் போட்டெடுத்து, ஆற்றி, ஈரம் துடைத்து உறையவைத்துவிடுங்கள். காயின் மூச்சை நிறுத்தினால் இனிப்பு தங்கும்.

முதல் தரம் உப்பு மட்டும் போதும். யமகதா என்கிற ஜப்பானிய மாநிலத்தில் தாதாச்சா மாமே என்று ஒரு ரகம் உண்டு. பாஸ்மதி அரிசியிலும் ரம்பை இலையிலும் இருக்கும் அதே மணப்பொருள் அதிலும் இருக்கிறதாம். அந்த மாதிரிக் காய் கிடைத்தால் மேலே எதுவும் போட எனக்கு மனசு வராது.

நம் வாய்க்குக் காரம் வேண்டும் என்றால் நான் செய்வது இது. இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். நாலு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, நிறம் மாறும் முன்பே அடுப்பைத் தணிக்க வேண்டும். வறுத்து நுணுக்கிய மல்லி ஒரு கரண்டி, வரமிளகாய் இரண்டைக் கொரகொரப்பாக இடித்தது, பொடித்த கல்லுப்பு ஒரு சிட்டிகை. வெந்த காயைத் தோலோடு போட்டு ஒரு நிமிஷம் புரட்டி இறக்கி, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நாக்குப் படுவது தோலில்தான். அதனால் மசாலா தோலில் ஒட்டும் பதத்துக்குக் கரகரப்பாக இருக்க வேண்டும், மாவாக அரைக்கக்கூடாது. உரித்த கொட்டையாக இருந்தால் வழி வேறு: தேங்காய் எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கொட்டையைப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவினால் சுண்டல். அரிசிம்பருப்புச் சாதத்தில் பச்சை மொச்சைக்குப் பதிலாக ஒரு கை போட்டாலும் நன்றாகச் சேர்கிறது. 100 கிராம் வெந்த கொட்டையில் 11, 12 கிராம் புரதம் இருக்கிறது. கறி வாங்க முடியாத வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்தப் புரட்டாசியில் மூன்று நாள் மட்டும் வண்டியில் அதை வைத்தேன். அண்ணன் காலையில் பறித்துப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நான் மத்தியானமே வேகவைத்துவிடுவேன். அட்டையில் ‘சோயா மொச்சைக்காய்’ என்று தம்பி எழுதி மாட்டினார். இளவட்டங்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் கொட்டையைப் பிரிக்காமல் தோலோடு மென்று துப்பினார்கள். எப்படித் தின்பது என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பொழுதோடு, பல்லடம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு வயதான அம்மா வந்தார். கண்டாங்கிச் சேலை, தோளில் சந்தைப் பை. அட்டையை அவர் படிக்கவில்லை. ஒரு காயை எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தின்பது என்று வாய் திறக்கும் முன்பே அவர் ஒரு முனையைப் பிடித்து, உதட்டில் வைத்து இழுத்துவிட்டார்.

"என்னுங்க இது, புது ரகத் துவரைங்களா?"

"சோயா மொச்சைங்க. ஜப்பான்ல திங்கறது."

"எங்க திங்கறதா இருந்தா என்னுங்க, உப்பு சரியா நிக்குது" என்றார். ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார். பஸ் வரும் வரை வண்டி ஓரத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக இழுத்துத் தின்றார். தோலைக் கீழே போடவில்லை. பஸ் ஹாரன் அடித்ததும், கையில் சேர்ந்த தோலையும் வண்டிக் கூடையில் மற்றவர்கள் போட்ட தோலையும் சேர்த்து முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டார்.

"உப்புத் தோலுன்னா எங்க ஆடு ஓடி வருங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.